பெர்கனில் வாங்கிய முகக்கவசம்

பெர்னிக்கு அந்த அழைப்பு வந்தபோது கப்பல் பெர்கன் துறைமுகத்தில் நின்றிருந்தது. மீன் சந்தை ஓரத்தில் தோழிகள் மூன்று பேரும் ஒரு மரப்பலகையில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மடியில் காகிதத் தட்டு, தட்டில் பொரித்த மீன். திமிங்கல இறைச்சி எப்படி இருக்கும் என்று ஜோசி எதிர்க் கடைக்காரனிடம் கையாலும் கண்ணாலும் விசாரித்துக்கொண்டிருந்தாள். பாலீன் தன் மீனைக் குறிவைத்துச் சுற்றிச் சுற்றி வந்த ஒரு கடற்காகத்தோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

லிவர்பூலை ஒட்டிய பூட்டிலில் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் இருபத்தாறு வருஷம் ஒன்றாக வேலை பார்த்தவர்கள் அவர்கள். ஒருத்தி உருளைக்கிழங்கு மசித்தால் மற்றவள் குழம்பு ஊற்றுவாள், மூன்றாமவள் அடிபிடி போடும் பிள்ளைகளைக் காதைப் பிடித்து வரிசையில் நிறுத்துவாள். அந்த மூன்றாமவள் எப்போதும் ஜோசிதான். இப்போது மூவரும் வேலையை விட்டாயிற்று. ஜோசிக்கு அறுபது நிறைவதைக் கப்பலில் கொண்டாட வேண்டும் என்று இரண்டு வருஷமாகப் பேசி, தள்ளிப்போட்டு, மறுபடி பேசி ஒரு வழியாகப் புறப்பட்டு வந்திருந்தார்கள்.

தொலைபேசித் திரையில் மருத்துவமனை என்று தெரிந்ததும் பெர்னி தட்டைப் பாலீன் மடியில் வைத்துவிட்டு எழுந்து படகுத்துறைப் பக்கம் நடந்தாள்.

"பெர்னடெட், நான் ரேச்சல். சிறுநீரகப் பிரிவிலேர்ந்து பேசறேன். ஆபரேஷன் தேதி முன்னாடி வந்திருக்கு. டெனிஸுக்கு டயாலிஸிஸ் குழாய் திரும்பவும் அடைச்சுக்கிச்சு. அக்டோபர் வரைக்கும் இழுக்க வேணாம்னு டாக்டர் சொல்லிட்டார். இந்த வியாழன் விட்டு அடுத்த வியாழன். உங்களுக்கு முடியுமா?"

"முடியும்," என்றாள் பெர்னி. யோசிக்கவே இல்லை.

"ரொம்ப நல்லது. அதுவரைக்கும் நீங்க செய்ய வேண்டியது ஒண்ணுதான். உடம்பைக் கெடுத்துக்காதீங்க. ஜலதோஷம், காய்ச்சல், வயித்துப்போக்கு எது வந்தாலும் அன்னிக்கு உங்கமேல கத்தி வைக்க மாட்டாங்க. கூட்டத்துக்குள்ள போகாதீங்க, என்ன? அதென்ன, பின்னாடி ஏதோ பறவைச் சத்தம் கேக்குது?"

"நான் நார்வேல இருக்கேன். கப்பல்ல சுத்திப் பார்க்க வந்தோம்."

"கப்பல்ல எத்தனை பேர்?"

"மூவாயிரம் இருக்கும்."

"அட தேவனே," என்றாள் ரேச்சல்.

விமானத்தில் ஏறி ஊருக்கு வந்துவிடட்டுமா என்று பெர்னி கேட்டாள். விமானமும் மூடிய டப்பாதானே, இரண்டு விமானம் மாறி வருவதைவிடக் கப்பலில் காற்றோட்டமாக ஒதுங்கி இருந்தால் போதும் என்றாள் ரேச்சல். நல்ல முகக்கவசமாக, மூக்கோடு ஒட்டி நிற்பதாகப் பார்த்து வாங்கச் சொன்னாள். உள்ளே உட்கார்ந்து யாரோடும் சாப்பிடக்கூடாது. கையைக் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும். கடைசியாக, "இந்தத் தேதி போச்சுன்னா அடுத்தது எப்போ கிடைக்கும்னு என்னால சொல்ல முடியாது. அதுவரைக்கும் டெனிஸ் தாங்குவாங்களான்னும் சொல்ல முடியாது," என்றாள்.

மீன் சந்தைக்கு எதிரிலேயே ஒரு மருந்துக்கடை இருந்தது. வாத்து மூக்குபோல முன்னால் நீண்ட வெள்ளை முகக்கவசங்கள் கொண்ட பெட்டி ஒன்றை வாங்கினாள். கடை வாசலிலேயே ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டு தோழிகளிடம் திரும்பினாள்.

"என்னடி இது, பேங்க் கொள்ளையடிக்கப் போறியா?" என்றாள் ஜோசி.

"தொண்டை ஒரு மாதிரியா இருக்கு. உங்களுக்கு ஒட்ட வேணாமேன்னு பார்த்தேன்."

"கால் மணி முன்னாடி வாய் நிறைய மீன் தின்னுட்டு இருந்த. அப்ப தொண்டை நல்லாத்தானே இருந்துச்சு?"

பெர்னி முகக்கவசப் பெட்டியைக் கைப்பைக்குள் திணித்தாள். உண்மையைச் சொல்லக்கூடிய விஷயமா அது? டெனிஸ் யார் என்று இவர்கள் இருவருக்கும் நன்றாகத் தெரியும். பெர்னியின் புருஷன் டெர்ரியைக் கொண்டுபோனவள்தான் டெனிஸ்.

பதினெட்டு வருஷம் ஆகிவிட்டது. டெர்ரி வழக்கமாகக் குடிக்கப்போகும் மதுக்கடையில் டெனிஸ் வேலை பார்த்தாள். ஒரு கிறிஸ்துமஸ் முடிந்த வாரம், இரண்டு பையன்களையும் பெர்னியிடம் விட்டுவிட்டு டெர்ரி பெட்டியோடு அவளிடம் போய்ச் சேர்ந்தான். அந்த நாட்களில் பெர்னியைத் தூக்கி நிறுத்தியவர்கள் இந்த இரண்டு பேர்தான். பாலீன் தினமும் வீட்டுக்கு வந்து பையன்களுக்குச் சோறு போட்டாள். ஜோசி அவள் பாணியில் உதவினாள். டெர்ரி பள்ளிக்கூடத்துக்குப் பையன்களைப் பார்க்க வந்த நாளில், அறுபது பிள்ளைகளுக்குக் காய்ச்சி வைத்திருந்த கஸ்டர்டை அண்டாவோடு தூக்கிப் போய் அவன் கார்மேல் கவிழ்த்தாள். காருக்குள் உட்கார்ந்திருந்தது டெனிஸ். அன்றிலிருந்து ஜோசி டெனிஸ் குடியிருந்த தெருவழியே போவதைக்கூட நிறுத்திவிட்டாள். கடையில் டெனிஸைப் பார்த்தால் கூடையை அப்படியே கீழே வைத்துவிட்டு வெளியேறிவிடுவாள்.

டெர்ரி நெஞ்சுவலியில் போய் ஐந்து வருஷமாகிறது. அதன் பிறகு டெனிஸும் டெர்ரிக்கும் அவளுக்கும் பிறந்த மகள் ரோஷீனும் தனியாக இருந்தார்கள். ரோஷீனுக்குப் பதினைந்து வயது. பெர்னியின் பையன்களுக்கு அவள் தங்கை முறைதானே, அவர்கள் அவள்மேல் உயிராக இருந்தார்கள். போன வருஷம் பெரியவன் ஷான் தன் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது டெனிஸையும் கூப்பிட்டிருந்தான். மேல்சட்டைகளை மாட்டி வைக்கும் அறைக்குப் பெர்னி போனாள். அங்கே டெனிஸ் சாம்பல் பூத்த முகத்தோடு நாற்காலியில் சாய்ந்திருந்தாள். ரோஷீன் தரையில் மண்டி போட்டு, வீங்கிப்போன அம்மாவின் கால்களைச் செருப்புக்குள் நுழைக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். நுழையவில்லை. "பரவாயில்லம்மா, காலுறையோடவே காருக்குப் போயிடலாம்," என்றாள் அந்தப் பெண். அலுப்பே இல்லாமல், தினமும் செய்கிற வேலை போலச் சொன்னாள்.

அதற்கு அடுத்த வாரம் பெர்னி தானாகவே மருத்துவமனைக்குப் போய், தன் சிறுநீரகம் டெனிஸுக்குப் பொருந்துமா என்று ரத்தம் கொடுத்துப் பார்த்தாள். பொருந்தியது. டெனிஸை மன்னித்துவிட்டாயா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்லியிருப்பாள். அந்தக் கணக்கும் இதுவும் வேறு வேறு என்று அவள் மனத்துக்குப் பட்டது, அவ்வளவுதான். பையன்களுக்கு மட்டும் சொன்னாள். ஜோசிக்கும் பாலீனுக்கும் எப்படிச் சொல்வது என்று யோசித்து யோசித்தே மாதங்கள் ஓடிவிட்டன.

கப்பலில் அவள் வாழ்க்கை மாறிப்போனது. லிஃப்டில் ஏறுவதில்லை. எட்டு தளத்துக்கும் படியில்தான் ஏறி இறங்கினாள். எல்லோரும் ஒரே கரண்டியைத் தொட்டு எடுக்கும் பெரிய சாப்பாட்டுக் கூடத்துக்குள் கூட்டம் வருமுன் நுழைந்து, ஒரு கிண்ணம் சூப்பும் ரொட்டியும் எடுத்துக்கொண்டு மேல்தளத்துக்குப் போய்விடுவாள். அங்கே காற்று ஆளையே தள்ளும். சூப்பு உதடு தொடும் முன் ஆறிவிடும். தொப்பியைக் காதுவரை இழுத்துக்கொண்டு, முகக்கவசத்தைக் கழற்றி, யாரும் பக்கத்தில் வருமுன் விழுங்கிவிட்டு மறுபடி மாட்டிக்கொள்வாள். ராத்திரி அறையில் முகக்கவசத்தோடேயே படுத்தாள், பால்கனிக் கதவைத் திறந்தும் வைத்தாள். பக்கத்துக் கட்டிலில் பாலீன் மேல்கோட்டு போட்டுத் தூங்கினாள்.

"இங்க பென்குயின்தான் தூங்கும்டி," என்று முணுமுணுத்தாளே தவிர, கதவைச் சாத்தவில்லை. பாலீன் அப்படிப்பட்டவள்.

மற்றவர்கள் அப்படி இல்லை. பிங்கோ என்ற எண் விளையாட்டு ஆடும் மண்டப வாசலில் சிவந்த முகக்காரர் ஒருவர் அவளைப் பார்த்து, "கொரோனாவெல்லாம் முடிஞ்சு எத்தனையோ வருஷம் ஆச்சு கண்ணு, உனக்கு யாரும் சொல்லலையா?" என்றார். சொல்லி முடித்ததும் அவரே நெஞ்சு குலுங்க இருமினார். கையால் மறைக்கக்கூட இல்லை. பெர்னி நாலு அடி பின்வாங்கினாள்.

ஜோசியின் பிறந்தநாள் மாலையில் விஷயம் முற்றியது. நல்ல சாப்பாட்டுக்கூடத்தில் மூவருக்கும் மேசை சொல்லி வைத்திருந்தது. ஜோசி பச்சை நிறத்தில் மினுமினுக்கும் உடுப்புப் போட்டு, முடியை உயர்த்திக் கட்டி, காதில் தொங்கட்டான் மாட்டிக்கொண்டு வந்தாள். பெர்னி வாசலிலேயே நின்றுவிட்டாள். உள்ளே முந்நூறு பேர். சன்னல் ஒன்றும் திறக்காது. வயலின் வாசிப்பவன் மேசை மேசையாகக் குனிந்து வாசித்துக்கொண்டிருந்தான்.

"நான் வெளியில இருக்கேன் ஜோசி. நீங்க சாப்பிட்டு வாங்க. அப்புறம் மேல்தளத்துல கேக் வெட்டலாம்."

"என் அறுபதுக்குக்கூட அந்தக் கோமணத்தை மூஞ்சிலேர்ந்து எடுக்க மாட்டியா?"

"எடுக்க முடியாதுடி."

"ஏன்னு சொல்லு. உனக்கு ஏதாச்சும் வியாதியா? இருந்தா சொல்லு, நான் இப்பவே இந்தத் துணியெல்லாம் கழட்டிப் போட்டுட்டு உன்கூட வந்து உக்காரறேன்."

"எனக்கு ஒண்ணும் இல்ல."

"அப்ப நாங்கதான் வியாதியா? இத்தனை வருஷம் ஒரே குவளையில டீ குடிச்சோம். இப்ப உனக்கு நாங்க கிருமி ஆயிட்டோம்?"

ஜோசியின் கண்ணில் தண்ணீர் தளும்பியது. மையைக் கெடுக்கக்கூடாது என்று தலையை மேலே தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பாலீன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பெர்னியின் தோளைத் தட்டிவிட்டு ஜோசியின் பின்னால் ஓடினாள்.

மறுநாள் காலையில் கப்பல் கேப்டன் ஒலிபெருக்கியில் பேசினார். கப்பலில் சிலருக்குக் காய்ச்சலும் இருமலும் கண்டிருக்கிறது, கவலைப்பட ஒன்றுமில்லை, எல்லோரும் கை கழுவவும், உடம்பு சரியில்லாதவர்கள் அறையிலேயே இருந்து மருத்துவரைக் கூப்பிடவும். அன்று முதல் சாப்பாட்டுக் கூடத்தில் பணியாளர்களே பரிமாறினார்கள். திடீரென்று நாற்பது ஐம்பது முகங்களில் முகக்கவசம் முளைத்தது. கப்பல் இரண்டு பக்கமும் செங்குத்தான மலைகளுக்கு நடுவே, கடல் உள்ளே புகுந்த குறுகிய நீர்வழியில் மெல்லப் போய்க்கொண்டிருந்தது. பாறைகளில் அருவிகள் வெள்ளை நூலாகத் தொங்கின. பெர்னி மேல்தளத்தில் மதியம் வரை நடந்தாள். அறைக்குத் திரும்பியபோது பாலீன் போர்வைக்குள் சுருண்டு கிடந்தாள்.

"ஒண்ணுமில்லடி, குளிர்தான்," என்று பாலீன் சொல்ல ஆரம்பித்தாள். இருமல் வந்து மீதியை விழுங்கிவிட்டது. கன்னம் இரண்டும் தக்காளிபோல இருந்தன.

கப்பல் மருத்துவரின் உதவியாளர் வந்து மூக்கில் குச்சி விட்டுப் பார்த்தார். கோவிட். பாலீன் அறையைவிட்டு வெளியே வரக்கூடாது. "கூட இருக்கறவங்க?" என்று அவர் பெர்னியைப் பார்த்தார். பெர்னிக்குச் செய்த சோதனையில் ஒன்றும் இல்லை. ஆனால் இரண்டு நாள் கழித்துத்தான் நிச்சயமாகச் சொல்ல முடியும், வேறு காலி அறையும் இப்போது இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

பெர்னி கதவோரம் சுவரில் முதுகை ஒட்டி நின்றாள்.

"பாலீன், உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். நான் என் சிறுநீரகம் ஒண்ணைக் கொடுக்கப்போறேன். அடுத்த வாரம் வியாழக்கிழமை. எனக்குக் காய்ச்சல் வந்தா அது நடக்காது. அதுக்குத்தான் இதெல்லாம்."

பாலீன் எழுந்து உட்கார்ந்தாள். "யாருக்கு? ஷானுக்கா? ஐயோ, குழந்தைக்கா?"

"டெனிஸுக்கு."

"எந்த டெனிஸ்?"

"அந்த டெனிஸ்தான்."

பாலீன் சட்டென்று போர்வையை இழுத்து மூக்கு வரைக்கும் மூடிக்கொண்டு கத்தினாள்: "அப்புறம் ஏன்டி இங்க நிக்கற? வெளியில போ! மூச்சு விடாதே! மூச்சைப் பிடிச்சுக்கிட்டே போ! உன் துணியெல்லாம் விட்டுடு, யாராச்சும் எடுத்துட்டு வருவாங்க. போடி முட்டாளே, போ!"

பெர்னி நடைக்கூடத்தில் வந்து நின்றாள். பக்கத்து அறைதான் ஜோசியுடையது. குறட்டை விடுவாள் என்பதால் அவளுக்குத் தனி அறை. பெர்னி கதவைத் தட்டினாள்.

கதவைத் திறந்த ஜோசி முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பெர்னி வாசலிலேயே நின்றபடி எல்லாவற்றையும் சொன்னாள். பாலீனிடம் சொன்னதைவிடக் கூடுதலாகச் சொன்னாள். செருப்பு நுழையாத கால்களைப் பற்றியும் சொன்னாள். ஜோசி குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. அது நல்ல சகுனம் இல்லை.

"பதினெட்டு வருஷமா," என்றாள் கடைசியில், "உனக்காக அவ மூஞ்சில முழிக்காம இருக்கேன். என் சொந்தத் தங்கச்சி பொண்ணு கல்யாணத்துல அவ இருந்தான்னு நான் சாப்பிடாம வந்தேன். நீ என்னடான்னா சக்களத்திக்கு வயித்தைக் கிழிச்சு எடுத்துக் கொடுக்கறே. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம!"

"சொன்னா நீ விட்டிருப்பியா?"

"விட்டிருக்க மாட்டேன்!"

"அதான் சொல்லலை."

ஜோசி அவளை விலக்கிக்கொண்டு நடைக்கூடத்தின் கோடி வரைக்கும் விறுவிறு என்று போய் மறைந்துவிட்டாள். பெர்னி மேல்தளத்துக்கு ஏறிப்போய், ஒரு சாய்வு நாற்காலியில் கப்பல் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தாள். எங்கே படுப்பது என்று தெரியவில்லை. இங்கேயே படுத்தால் குளிரிலேயே ஜலதோஷம் பிடிக்கும். ரேச்சலைக் கூப்பிட்டு எல்லாம் போச்சு என்று சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தாள். நேற்று ராத்திரி பாலீனுக்கு இரண்டு கை தூரத்தில் தூங்கியிருக்கிறாள். ஒரு துண்டுத் துணியும் ஒரு திறந்த கதவும் எவ்வளவைத் தடுத்திருக்கும்?

மாலை ஆறு மணி இருக்கும், வெயில் இன்னும் மலை உச்சியிலேயே நின்றது. ஜோசி மேலே வந்தாள். சட்டைக் கையை முழங்கை வரைக்கும் மடித்துவிட்டிருந்தாள். கை இரண்டும் சிவந்திருந்தன. முகத்தில் வெள்ளை முகக்கவசம்.

"எந்திரி. என் அறைக்குப் போ. மருத்துவர்கிட்ட கேட்டு மருந்துத் தண்ணி வாங்கித் தேய்ச்சுக் கழுவிட்டேன். கதவுப்பிடி, ஸ்விட்ச், குழாய் எல்லாம். பால்கனிக் கதவு மதியத்துலேர்ந்து திறந்துதான் இருக்கு. படுக்கைத் துணி புதுசு. நான் எனக்கும் சோதனை பண்ணிப் பார்த்தேன், இல்லைன்னுதான் வந்திருக்கு. ஆனாலும் என் பக்கத்துல வராதே."

"நீ எங்க படுப்ப?"

"பாலீன்கூட. பின்ன அவளுக்குத் தண்ணி யார் கொடுக்கறது?"

"உனக்கு ஒட்டிக்குமேடி!"

"ஒட்டட்டும். என் சிறுநீரகம் யாருக்கு வேணும், நான் குடிச்ச குடிக்கு?" என்றாள் ஜோசி. பிறகு விரலை நீட்டி, "ஆனா ஒண்ணு. இது அவளுக்காக இல்ல. உனக்காக. அவகிட்ட நான் இதைப் பண்ணேன்னு நீ சொல்லவே கூடாது," என்றாள்.

பெர்னி எழுந்து கட்டிக்கொள்ளப் போனாள். "தள்ளி நில்லு!" என்று ஜோசி போட்ட சத்தத்தில் கடற்காகங்கள் பறந்தன.

அதற்குப் பிறகு ஜோசியின் காவல்தான். சாப்பாட்டு நேரத்தில் பணியாளர் தட்டை வாசலில் வைத்துக் கதவைத் தட்டிவிட்டுப் போவார். ஆள் போய்க் கொஞ்சம் பொறுத்துத்தான் கதவைத் திறக்க வேண்டும் என்று ஜோசி அவருக்கும் பெர்னிக்கும் தனித்தனியாகப் பாடம் எடுத்திருந்தாள். பிங்கோ மண்டபத்துச் சிவந்த முகக்காரர் நடைக்கூடத்தில் இருமிக்கொண்டே வந்தபோது, ஜோசி வழியை மறித்து நின்று, "வாயை மூடத் தெரியாதா? அறுநூறு பிள்ளைங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கேன், உங்களுக்கும் சொல்லித் தரட்டுமா?" என்று கேட்டாளாம். அவர் வந்த வழியே திரும்பிவிட்டார். இதைப் பாலீன்தான் சொன்னாள், சிரித்துச் சிரித்து இருமியபடி.

அவர்கள் பேசிக்கொண்டது பால்கனியில். இரண்டு பால்கனிக்கும் நடுவே தலைக்கு மேல் உயரமான ஒரு தடுப்பு. இந்தப் பக்கம் பெர்னி, அந்தப் பக்கம் அவர்கள் இருவரும். முகம் தெரியாது, குரல் மட்டும் வரும். அவர்கள் இருமலையெல்லாம் கடல்காற்று அள்ளிக்கொண்டு போனது. மதியங்களில் ஜோசி தாளில் எண்களை எழுதித் தானே பிங்கோ நடத்தினாள். தினமும் பாலீனே ஜெயித்தாள். காய்ச்சல்காரி என்று விட்டுக்கொடுக்கிறாளோ என்று பெர்னி சந்தேகப்பட்டாள்.

இரண்டாம் நாள் பெர்னியின் மறுசோதனையிலும் ஒன்றும் இல்லை, ஆனால் ஜோசியின் குரல் கரகரத்தது.

"ஒட்டிக்கிச்சா?" என்று பெர்னி கேட்டாள்.

"லேசா. பேசாம இரு, நீ கண்டுக்காதே." ஜோசி தொண்டையைச் செருமிக்கொண்டாள். பிறகு, "அவ தலைமுடி இன்னும் அந்த மஞ்சள் நிறத்துலதான் வச்சிருக்காளா?"

"இல்ல. நரைச்சுப்போச்சு. கொட்டியும் போச்சு."

"ம்." ஜோசி மூக்கை உறிஞ்சினாள். "அந்தப் பொண்ணு எப்படி?"

"நல்ல பொண்ணு. டெர்ரி மாதிரியே மூக்கு, பாவம்."

தடுப்புக்கு அந்தப் பக்கம் பாலீன் சிரித்தாள். ஜோசி சிரிக்கவில்லை. ஆனால் அதற்கப்புறம் கேள்விகள் வந்துகொண்டே இருந்தன. எந்தப் பக்கம் வெட்டுவார்கள், எத்தனை நாள் படுத்திருக்க வேண்டும், மிச்சமிருக்கிற ஒன்று தாங்குமா, பெர்னி இனிமேல் ஒரு கிளாஸ் ஒயின் குடிக்கலாமா கூடாதா. சில கேள்விகளுக்குப் பெர்னிக்கே பதில் தெரியவில்லை.

லிவர்பூல் வந்துசேர வேண்டிய காலையில் பெர்னி கண் விழித்தபோது தொண்டையில் முள் குத்தியது. எச்சிலை விழுங்கிப் பார்த்தாள். வலித்தது. படுக்கையில் அசையாமல் கிடந்தாள். ரோஷீன் தரையில் மண்டி போட்டு இருந்தது கண்முன் வந்தது. எழுந்து, கப்பல் மருத்துவர் கொடுத்தனுப்பியிருந்த சோதனைக் குச்சியை எடுத்தபோது ஒன்றைக் கீழே போட்டாள். இரண்டாவதை மூக்கில் விட்டு, சொட்டு ஊற்றி, குளியலறைத் தொட்டி விளிம்பில் வைத்துவிட்டு பால்கனிக்கு வந்தாள். உள்ளே பார்க்கப் பயமாக இருந்தது.

"பாலீன்! ஜோசி!" என்று கூப்பிட்டாள். "எனக்குத் தொண்டை வலிக்குது."

அந்தப் பக்கம் நாற்காலி இழுபடும் சத்தம்.

"காய்ச்சல் இருக்கா?" ஜோசியின் குரல்.

"தெரியல. இல்லைன்னுதான் நினைக்கிறேன்."

"உடம்பு வலி?"

"இல்ல."

"மூணு நாளா எங்ககிட்ட இந்தக் காத்துல தொண்டை கிழியக் கத்திட்டு இருக்கியேடி, வலிக்காம என்ன பண்ணும்? போய்ப் பாரு. பார்த்துட்டு வந்து சொல்லு. போ!"

போய்ப் பார்த்தாள். ஒரு கோடு. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு விளக்கடியில் பிடித்துப் பார்த்தாள். ஒரே கோடுதான், தொற்று இல்லை என்று அர்த்தம். குளியலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அழுகை வந்ததா, சிரிப்பு வந்ததா என்று அவளுக்கே தெரியவில்லை. வெளியே இரண்டு பெண்கள் கப்பல் முழுக்கக் கேட்கும்படி, "என்னடி ஆச்சு? சொல்லித் தொலை!" என்று கத்திக்கொண்டிருந்தார்கள்.

கரையிறங்கியதும் ஷான் காரின் கண்ணாடிகளையெல்லாம் இறக்கிவிட்டுக் காத்திருந்தான். மருத்துவமனையில் ரேச்சல் மறுபடியும் மூக்கில் குச்சி விட்டாள், ரத்தம் எடுத்தாள், நெஞ்சைப் படம் பிடித்தாள். ஒரு வாரம் பெர்னி வீட்டைவிட்டு நகரவில்லை. வியாழக்கிழமைக்கு முந்தின நாள் ரேச்சல் கூப்பிட்டாள். "எல்லாம் சுத்தமா இருக்கு பெர்னடெட். மூவாயிரம் பேர் நடுவுல எப்படித் தப்பிச்சீங்க?"

"என் தோழிங்க ரெண்டு பேரு எனக்கும் சேர்த்துக் காய்ச்சல்ல படுத்துட்டாங்க," என்றாள் பெர்னி.

அறுவை சிகிச்சை நடந்தது. விழித்தபோது வாய் உலர்ந்து, விலாப்பக்கம் யாரோ உதைத்ததுபோல இருந்தது. ரேச்சல் குனிந்து, "வேலை செய்யுது. டெனிஸுக்கு வச்ச உடனே, ஆபரேஷன் மேசையிலேயே வேலை செய்ய ஆரம்பிச்சுடுச்சு," என்றாள். பெர்னி தலையாட்டிவிட்டுத் திரும்பவும் தூங்கிப்போனாள். நார்வேயிலிருந்து வந்தபின் நிம்மதியாகத் தூங்கிய முதல் தூக்கம் அது.

இரண்டாம் நாள் ஜோசியும் பாலீனும் வந்தார்கள். இருமல் நின்று நாலைந்து நாளாகியிருந்தது. திராட்சை கொண்டுவந்திருந்தார்கள், அதில் பாதியைப் பாலீனே தின்றாள். போகும்போது பெர்னி, "அவ அந்தக் கோடி வார்டுலதான் இருக்கா," என்றாள்.

ஜோசி கைப்பையின் வாரைச் சரிசெய்தாள். "இன்னிக்கு வேணாம்," என்றாள். கொஞ்சம் பொறுத்து, "சாப்பிடறாளா?" என்று கேட்டாள்.

"சாப்பிடறாளாம்."

"சரி," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவர்கள் போனபின் பெர்னி எழுந்தாள். ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். கோடி வார்டு வெகுதூரம் போலத் தோன்றியது. வாசலில் நின்று பார்த்தாள். ரோஷீன் நாற்காலியில் கால் மடக்கித் தூங்கிக்கொண்டிருந்தாள். டெனிஸ் தலையணையில் சாய்ந்து விழித்திருந்தாள். முகத்தில் அந்தச் சாம்பல் நிறம் இல்லை.

பெர்னி கட்டிலை ஒட்டி வந்து நின்றாள். பிறகு டெனிஸ் கட்டிலுக்குக் கீழே கையைக் காட்டினாள்.

"குனிய வேணாம், அங்கேர்ந்தே பாருங்க."

கட்டில் சட்டத்தில் ஒரு சிறுநீர்ப் பை தொங்கியது. முக்கால்வாசி நிறைந்திருந்தது.

"காலையிலேர்ந்து இது மூணாவது," என்றாள் டெனிஸ். "ரெண்டு வருஷமா எனக்கு ஒரு கரண்டிகூடப் போனதில்ல பெர்னி. நர்ஸ் வந்து மாத்தும்போதெல்லாம் தூக்கிப் பிடிச்சுக் காட்டச் சொல்றேன். எவ்வளவு அழகா இருக்கு பாருங்க."

பெர்னிக்குச் சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது. தையல் சுரீர் என்றது. வயிற்றை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டாள்.

"சிரிக்க வைக்காதடி," என்றாள். "வலிக்குது."

திரும்பி நடக்கத் தெம்பில்லை. ரோஷீனுக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலி காலியாக இருந்தது. பெர்னி மெல்ல மெல்ல அதில் உட்கார்ந்து, வழியில் போன பணிப்பெண்ணிடம் இரண்டு டீ கேட்டாள்.